ஆகாய விமானத்தின் கீல்

2019-ஆம் வருஷம் தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்ற ராணுவத் தளவாடத் தொழில் வழித்தடத்தில் சேலமும் ஒரு கேந்திரம். மேடைதோறும் பெரிய ஆலைகளின் பேச்சே. நாமோ ஒரு சிறு கீலைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

1958-ல் பெங்களூரில் முதன்முதல் பறந்த ‘புஷ்பக்’ போன்ற பழைய இலகு விமானங்களில், இறக்கையின் ஓரத்து மடல்களும் வாலின் சுக்கானும் கீல்களிலேயே அசைகின்றன. வருஷக்கணக்கில் உழைத்தபின் ஊசியும் துவாரமும் தேய்ந்து ஆட்டம் காணும். தரையில் கையால் அசைத்தால் ‘கடக்’கென்னும் சிறு ஓசைதான், ஆகாயத்தில் வேகம் மிகுந்தபோதோ மடல் படபடவென்று அடித்துப் பிய்ந்து போகவும் கூடும். கிரீஸை அப்பினால் ஓசை அடங்கும், நோய் அடங்காது. முட்டை வடிவாய்த் தேய்ந்த துவாரத்தில் பருத்த ஊசியைத் திணிப்பதும் வைத்தியமாகாது. ரீமரால் துவாரத்தை வட்டமாக்கி, புஷ் இறக்கி, அளவான ஊசி பூட்டி, எல்லாக் கீல்களும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

நாமக்கல் லாரிப் பட்டறைத் தொழிலாளிக்கு இது புதிதன்று. கிங்பின் புஷ் மாற்றிப் பழகிய கை அது. ஆனால் விமானத்துக்குக் கைப்பழக்கம் மட்டும் போதாது. தயாரித்தவர் விதித்த அளவு, அங்கீகாரம் பெற்ற உலோகம், லைசென்ஸ் பெற்ற இஞ்சினீயரின் கையொப்பம் மூன்றும் வேண்டும். சட்டம் இங்ஙனம் கண்டிப்பாயிருப்பது நியாயமே. வக்கீலாகிய நாம் அதில் ஓரெழுத்தையும் தளர்த்தச் சொல்லோம். அந்த லைசென்ஸ் பரீக்ஷைக்கோ தமிழில் வழியில்லை. தொழிலைத் தமிழில் கற்பித்து, இங்கிலீஷ் கைந்நூலைப் படிக்கவும் பழக்கினால் இக்கைகள் வீணாகா. சேலத்துக்கு வரும் ஆலைகளுக்குச் சலுகை கொடுக்கும் சர்க்கார், பட்டறைப் பிள்ளைகளுக்கு இத்தனை பயிற்சி ஸ்தானங்கள் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குமா?