தைராய்டு மாத்திரையை நிறுத்தலாமா?

விக்ரோலியில் நம்முடன் பணியாற்றும் அம்மையார் ஒருவர், சில மாதங்களாகக் காலையிலேயே சோர்ந்து காணப்பட்டார். குளிர்சாதன வசதியுள்ள கிளையில் மற்றவர் இயல்பாக இருக்க, அவர் மட்டும் சால்வை போர்த்திக்கொள்வார். எடை கூடியது, முடி உதிர்ந்தது, மறதியும் மலச்சிக்கலும் வாட்டின. வயதும் மின்சார ரயில் நெரிசலுமே காரணம் என்று நாமும் எண்ணினோம். இரத்தப் பரிசோதனை உண்மையை உணர்த்தியது: தைராய்டு குறைசுரப்பு.

கழுத்தின் முன்புறம் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த தைராய்டு சுரப்பியே, உடலியக்கத்தின் வேகத்தை நிர்ணயிக்கும் ஹார்மோன்களைத் தருகிறது. அவை குறையும்போது, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். என்னும் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து தைராய்டைத் தூண்டுகிறது. ஆகவேதான் இக்குறைபாட்டில் பெரும்பாலும் டி.எஸ்.எச். அளவு உயர்ந்திருக்கும். உணவில் அயோடின் குறைவதும், நோய் எதிர்ப்பாற்றல் தைராய்டையே தாக்கும் ஹாஷிமோட்டோ நோயும் முக்கியக் காரணங்கள். பெண்களையே இது அதிகம் பாதிக்கிறது.

மும்பை, சென்னை உள்ளிட்ட 8 நகரங்களில் 5,376 பேரிடம் நடத்தப்பெற்று 2013-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்கு இக்குறைபாடு இருந்தது. அவர்களுள் சுமார் மூன்றில் ஒருவர் அதனை அறியாமலே இருந்தனர்.

சிகிச்சை எளியது, லெவோதைராக்சின் மாத்திரை நாள்தோறும் ஒரு வேளை. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் உட்கொண்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே தேநீர் அருந்த வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை. அளவை மாற்றினால், 6 முதல் 8 வாரங்களில் மறுபரிசோதனை அவசியம்.

நம் அம்மையார் இவற்றையெல்லாம் பின்பற்றினார். ஆனால், பரிசோதனை முடிவு சீரானதும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டார். சில மாதங்களில் சோர்வும் சால்வையும் திரும்பின. அளவு சீரானதே மாத்திரையால்தான் அன்றோ? நாள்தோறும் செலவாகும் கணக்கில் வரவை நிறுத்தினால் இருப்பு கரைவது இயல்பே. பெரும்பாலோர் இதனை வாழ்நாள் முழுதும் உட்கொள்ள நேரிடும். 1891-இல் இங்கிலாந்து மருத்துவர் ஜார்ஜ் மர்ரே, ஆட்டின் தைராய்டுச் சாற்றினால் ஒரு பெண்மணிக்குச் சிகிச்சையளித்தார். அதனைத் தொடர்ந்து பெற்றுவந்த அவர் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார்.

கருவுற்ற பெண்கள் மாத்திரையை நிறுத்தலாகாது. சிசுவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு ஹார்மோன் இன்றியமையாதது. கருத்தரித்தது தெரிந்தவுடன் மருத்துவரிடம் கூறினால், தேவைக்கேற்ப அளவைக் கூட்டுவார்.

கூட்டுவதோ, குறைப்பதோ, நிறுத்துவதோ மருத்துவரின் முடிவாகவே இருக்கட்டும், அன்பர்களே. சால்வையை மடித்து வைத்துவிட்ட நம் அம்மையாரும் அதனையே வலியுறுத்துகிறார்.