உயர்தமிழ்: 2 புள்ளிக்கு மேலும் ஒரு கணக்கு

சாதாரண நிலைத் தேர்வில் உயர்தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் சி6 அல்லது அதைவிட நல்ல தரம் பெற்றால், தொடக்கக் கல்லூரிச் சேர்க்கையில் 2 புள்ளிகள் குறையும். 12 என்பது 10 ஆகும். பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான்.

சுமை பெரும்பாலும் நேரத்தில்தான். பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாதவர்கள், நாள் முழுதும் படித்த களைப்புடன் பீட்டி சாலையிலுள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குச் செல்கிறார்கள். கணிதத்துக்கும் அறிவியலுக்கும் அன்றிரவே வீட்டுப்பாடம் காத்திருக்கும்.

உயர்தமிழில் தேறியவர் தொடக்கக் கல்லூரியில் தாய்மொழிப் பாடம் படிக்கத் தேவையில்லை. மாணவருக்கு அது நிம்மதிதான். ஆனால், தமிழில் சிறந்தவர்களே முதலில் தமிழ் வகுப்பிலிருந்து விடைபெறும் வழியும் அதுவே. தொடர நினைப்போருக்கு ‘எச்2’ தமிழ்மொழியும் இலக்கியமும் பாடம் இருக்கிறது. அதை அவர்களே விரும்பித் தேர்ந்தெடுக்க வேண்டும்.