இருட்டிலும் பார்க்கும் கண்... கழுவெளிப் பறவைகளுக்குக் காவலா, ஆபத்தா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கிப் போகிறவர்கள் மரக்காணத்தில் ஒரு நிமிடமாவது வண்டியை ஓரங்கட்டாமல் போவதில்லை. சாலையோரம் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பாத்திகள். சீசன் நேரமாக இருந்தால், தண்ணீரில் ஒற்றைக்காலில் நிற்கும் பூநாரைகளும் செல்ஃபியில் விழும்.

இதெல்லாம் பகல் காட்சி. இரவில் அங்கே என்ன நடக்கிறது?

பறவைகள் எல்லாம் இருட்டியதும் தூங்கிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால், பூநாரைகளும் பல வகை வாத்துகளும் இரவிலும் இரை தேடுகின்றன. மனித நடமாட்டம் குறைவு, வெயில் இல்லை, பருந்து இல்லை. இருட்டுதான் அவற்றுக்குக் கூரை, வேலி எல்லாமே. அந்த வேலியைத் தாண்டிப் பார்க்கும் கருவிகள் இன்று ஆன்லைனில் விற்பனைக்கு வந்துவிட்டன. மொபைல் போனில் செருகிப் பார்க்கும் அளவுக்குச் சின்னதாகவும் கிடைக்கின்றன.

நைட் விஷன் வேறு... தெர்மல் வேறு!

இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்கள் அதிகம். இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு.

நைட் விஷன் கருவிக்கு வெளிச்சம் வேண்டும். நிலா, நட்சத்திரம், தூரத்துத் தெருவிளக்கு என ஏதோ ஒரு துளி வெளிச்சம் இருந்தால், அதை எலெக்ட்ரான்களாக மாற்றி, பல ஆயிரம் மடங்கு பெருக்கி, திரையில் காட்டும். சினிமாவில் பார்க்கும் அந்தப் பச்சை நிறக் காட்சி இதுதான். சுத்தமாக இருட்டாக இருந்தால், நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு ஒன்றைக் கூடவே எரியவிடுவார்கள்.

தெர்மல் கேமராவுக்கு வெளிச்சமே தேவையில்லை. உயிருள்ளவை, இல்லாதவை என எல்லாப் பொருள்களும் வெப்பக் கதிர்களை வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன. சூரிய ஒளியில் சிவப்பு நிறத்துக்கு அப்பாலும் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் இருப்பதை 1800-ம் ஆண்டிலேயே வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்தார். சுற்றுப்புறத்தைவிட எது சூடாக இருக்கிறது, எது குளிர்ச்சியாக இருக்கிறது என்பதை வைத்துத்தான் தெர்மல் கேமரா படம் வரைகிறது. பறவைகளின் உடல் வெப்பநிலை சுமார் 40 டிகிரி செல்சியஸ். நம்மைவிட அதிகம். அதனால் புதருக்குள் நிற்கும் பறவைகூட வெளிச்சப் புள்ளியாகத் தெரிய வாய்ப்பு உண்டு.

நைட் விஷன் முதலில் போர்க்களத்துக்காகத்தான் வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியும், வியட்நாம் போரில் அமெரிக்காவும் துப்பாக்கியில் பொருத்திப் பயன்படுத்தின. இப்போது அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தில், பயிரை அழிக்கும் காட்டுப் பன்றிகளைத் தனியார் நிலங்களில் இரவிலும் சுடலாம். அந்த வேட்டை வீடியோக்கள் நம் ஊர் மொபைல்களுக்கும் வந்து சேர்கின்றன. பார்ப்பவர்களுக்கு, 'நம்ம ஊரிலும் செய்தால் என்ன?' என்று தோன்றக்கூடும்.

தோன்றினால், சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

லைசென்ஸ் காலத்திலேயே இரவு வேட்டைக்குத் தடை

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, சில விலங்குகளை லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வேட்டையாட அனுமதி இருந்தது. அப்போதே, சூரியன் மறைந்ததிலிருந்து உதயமாகும் வரை வேட்டை கூடாது, செயற்கை விளக்கு கூடாது என்று அந்தச் சட்டம் கட்டுப்பாடு வைத்திருந்தது. சிறப்பு அனுமதி பெற்றவர்களுக்கு மட்டுமே விதிவிலக்கு. வெளிச்சத்தைப் பார்த்து மிரண்டு நிற்கும் விலங்குக்குத் தப்பிக்க வழியே இல்லை என்பதை அந்தக் காலத்து வேட்டைக்காரர்களே அறிந்திருந்தார்கள்.

1991-ல் அந்த லைசென்ஸ் முறையே தூக்கப்பட்டது. இப்போது பகல், இரவு என்ற பேச்சுக்கே இடமில்லை. பாதுகாக்கப்பட்ட உயிரினம் எதையும் வேட்டையாடக் கூடாது. சட்டத்தின் பார்வையில், சுடுவது மட்டும் வேட்டை அல்ல. கண்ணி வைப்பது, வலை விரிப்பது, விஷம் வைப்பது, முட்டையைச் சேதப்படுத்துவது எல்லாமே வேட்டைதான். முயற்சி செய்தாலே குற்றம். 'ஏர்கன்தானே, சும்மா ஒரு கொக்கு' என்ற சமாதானம் செல்லாது.

2022-ல் சட்டம் திருத்தப்பட்டு அபராதமும் கூடியது. பொதுவான குற்றங்களுக்கு 3 ஆண்டுகள் வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் என்றாலோ, சரணாலயத்துக்குள் வேட்டையாடினாலோ குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 7 ஆண்டுகள் சிறை. குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

மரக்காணத்துக்கு இது ஏன் முக்கியம்?

மரக்காணத்தை ஒட்டித்தான் கழுவெளி ஏரி இருக்கிறது. பழவேற்காட்டுக்கு அடுத்து தென்னிந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி என்று சொல்லப்படுவது. மழைநீரும் கடல்நீரும் கலக்கும் இடம். எடையந்திட்டு முகத்துவாரம் வழியாக வங்கக் கடலைத் தொடுகிறது. மத்திய ஆசியாவிலிருந்து இந்தியாவுக்கு வலசை வரும் பறவைகளின் பாதையில் இது ஒரு முக்கியமான தங்குமிடம்.

2021 டிசம்பரில், வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,151.60 ஹெக்டேர் பரப்பு, கழுவெளி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்ட்டில் ராம்சார் பட்டியலிலும் இடம்பிடித்தது.

ஆனால், பறவைக்குச் சரணாலயத்தின் எல்லைக்கல் தெரியாது. ஏரியில் இரை குறைந்தால் பக்கத்து உப்பளப் பாத்திக்கு வரும். அங்கிருந்து வயலுக்குப் போகும். ஒரே வாத்தை ஏரிக்குள் கொன்றால் குறைந்தது 3 ஆண்டுகள் சிறை. வெளியே கொன்றால் தண்டனை குறையலாம். இறைச்சிக்காகப் பறவைகளைப் பிடிப்பது இந்தப் பகுதியில் பழைய பிரச்னை. வலையும் கண்ணியும் நாட்டுத் துப்பாக்கியும் போதாதென்று, இருட்டில் பார்க்கும் கருவியும் சேர்ந்துகொண்டால் பறவைகளுக்கு ஒளிய இடமே இருக்காது.

புள்ளி தெரியும்... ஆள் தெரியாது!

பறவைகளைத் தாண்டி இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. உப்பளத் தொழிலாளர்கள் வெயிலுக்குப் பயந்து, விடியும் முன்பே பாத்தியில் இறங்குகிறார்கள். மீனவர்களும் அதே நேரத்தில்தான் நடமாடுகிறார்கள்.

தெர்மல் கேமராவில் தெரிவது சூடான ஓர் உருவம் மட்டுமே. விலை குறைந்த கருவியில், தூரத்தில் குனிந்து வேலை செய்யும் பெண்மணியும் ஒரு நாயும் ஒரே மாதிரி வெள்ளைத் திட்டாகத் தெரியலாம். கடலோரக் காற்றில் ஈரப்பதம் கூடினால் படம் இன்னும் மங்கும். பகல் முழுக்கச் சூடேறிய பாத்தித் தண்ணீர் இரவில் சட்டென்று குளிராது என்பதால், எது தண்ணீர், எது உயிர் என்பதிலேயே குழப்பம் வரலாம். நிலமும் உடலும் ஒரே வெப்பத்துக்கு வரும் காலை, மாலைப் பொழுதுகளில் உருவம் பின்னணியோடு கரைந்துவிடுவதும் உண்டு. அந்த வெள்ளைத் திட்டை நம்பி விசையை அழுத்தினால், அந்தப் பக்கம் நிற்பது யாருடைய அம்மாவாகவும் இருக்கலாம்.

காவலுக்கு வந்தால் வரம்

இதே கருவி சரியான கையில் இருந்தால் உயிரைக் காக்கும். கோவை மதுக்கரை அருகே ரயிலில் அடிபட்டு யானைகள் இறப்பதைத் தடுக்க, 2024 பிப்ரவரியில் 7.24 கோடி ரூபாய் செலவில் செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்பு தொடங்கப்பட்டது. 12 கோபுரங்களில் தெர்மல் கேமராக்களும் சாதாரண கேமராக்களும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. யானை நெருங்கினால் தகவல் பறக்கும். ரயிலின் வேகம் குறையும். அதே ஆண்டு உத்தரப் பிரதேசத்தின் பஹ்ரைச்சில், ஓநாய்களைக் கண்டுபிடிக்க வனத்துறை தெர்மல் டிரோன்களைப் பறக்கவிட்டது.

'காட்டுப் பன்றி பயிரை அழிக்கிறதே, விவசாயி என்ன செய்வார்?' என்ற கேள்வி நியாயமானது. அதற்கும் வழி இருக்கிறது. காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ-க்கு அப்பால் வரும் காட்டுப் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. அந்த அதிகாரம் வனத்துறைக்குத்தான். கருவி வாங்கியவர் எல்லாம் கிளம்ப முடியாது.

கழுவெளியிலும் ஒரு தெர்மல் கேமரா, இருட்டில் ஏரிக்குள் இறங்கும் வேட்டைக்காரரை வனக் காவலருக்குக் காட்டிக்கொடுக்கும். பறவைக்கு 40 டிகிரி என்றால் மனித உடலுக்கு 37 டிகிரி. இருட்டு பறவையை மறைக்காது என்றால், வேட்டைக்காரரையும் மறைக்காது!

நாம் என்ன செய்யலாம்?

* சாலையோரக் கடையில் கொக்கு, வாத்து, உள்ளான் கறி என்று யாராவது ரகசியமாக நீட்டினால் வாங்காதீர்கள். வாங்குபவர் இருக்கும்வரை வலை விரிப்பவர் இருப்பார்.

* இரவில் உப்பளம், ஏரிப் பக்கம் வெடிச் சத்தமோ, வலையோ, சந்தேகமான நடமாட்டமோ தெரிந்தால் நீங்களே போய் மடக்க வேண்டாம். வனத்துறைக்கோ, 112 அவசர எண்ணுக்கோ சொல்லுங்கள்.

* பறவை கூடும் இடத்தை லொகேஷனோடு சமூக வலைதளத்தில் போடாதீர்கள். லைக் போடுபவர்களோடு வேட்டைக்காரர்களும் பார்ப்பார்கள்.

* வீட்டுப் பிள்ளைகள் ஏர்கன், தெர்மல் கேமரா வீடியோக்களை ஆர்வமாகப் பார்த்தால், திட்டாமல் சட்டத்தைச் சொல்லிப் புரியவையுங்கள். அதே ஆர்வத்தைப் பறவை நோக்கலுக்குத் திருப்பலாம். ஒரு சாதாரண பைனாகுலர் போதும்.

ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, இருட்டை நம்பி இரை தேடும் பறவைகள் அவை. பனிக்காலம் முடிந்து கிளம்பும்போது, வந்த கூட்டம் குறையாமல் திரும்பிப் போக வேண்டும்.