மின்சாரம் வரும் வழி – 7: லயத்துக்கு வந்து சேர்வது எத்தனை வோல்ட்?

கொடகவெலப் பக்கத்துத் தோட்டங்களில் பொழுது சாய்ந்ததும் "கரண்ட் இறங்கிப்போச்சு" என்பார்கள். லயத்தில் குழாய் விளக்கு துடிக்கும். ஸ்டோரில் கொழுந்து வாட்டும் காற்றாடியின் வேகம் தணியும். பழி முழுவதும் கம்பத்து டிரான்ஸ்போமர் மீது விழும். அது நியாயமா என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

நமது கிராமங்களுக்கு மின்சாரம் பெரும்பாலும் 33,000 வோல்ட்டில் வருகிறது. டிரான்ஸ்போமர் அதை 400 ஆக இறக்குகிறது. இந்த 400 இரண்டு பேஸ் கம்பிகளுக்கு இடையே உள்ளது. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வேண்டுமானால் 1.732ஆல் வகுக்க வேண்டும்: 231. வீட்டுக்கு 230 வோல்ட்; அதில் 6 சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 216 முதல் 244 வரை. மூன்று பேஸிலும் சுமை சமமென்றால் ஒரு பேஸை மட்டும் எடுத்துக் கணக்கை முடித்து, கடைசியில் ஒரே தடவை 1.732ஆல் பெருக்கினால் போதும். படிக்கிற பிள்ளைகள் அதை இரண்டு தடவை செய்துதான் இடறுகிறார்கள்.

எடுத்துக்காட்டுக்கு, 100 கேவிஏ டிரான்ஸ்போமர் ஒன்று. மாலையில் அதன் வாசலுக்கே 32,000 வோல்ட்தான் வருகிறது என்று கொள்வோம். இந்தப் பக்கம் பேஸுக்கு 224. ஸ்டோர் இழுப்பது 100 அம்பியர், வலுக்காரணி 0.8. டிரான்ஸ்போமர் சுருளின் தடை 0.024 ஓம், காந்தப்புலத்தால் எழும் எதிர்ப்பு 0.059 ஓம். முதலாவதை 0.8ஆலும் இரண்டாவதை வலுக்காரணிக் கோணத்தின் சைனான 0.6ஆலும் பெருக்கிக் கூட்டி, 100ஆல் பெருக்கினால் இழப்பு 5.5 வோல்ட். அடுத்து, 200 மீட்டர் அலுமினியக் கம்பி: 0.089 ஓம், 0.018 ஓம். அதே கணக்கில் இழப்பு 8.2 வோல்ட். மிஞ்சுவது 210, பேஸுக்குப் பேஸ் 364.

டிரான்ஸ்போமரை விடக் கம்பிதான் அதிகம் தின்கிறது. மோட்டாரின் முறுக்குவிசை வோல்ட்டின் வர்க்கத்தோடு இறங்குவதால், 400க்குப் பதில் 364 கிடைத்தால் விசையில் 17 சதவீதம் போய்விடும். கொழுந்து நிரம்பிய ரோலர் கிளம்பத் திணறுவது இதனால்தான்.

டிரான்ஸ்போமர் சுருளின் சுற்றுகளைக் கூட்டிக் குறைக்கும் டேப்பை 5 சதவீதம் மாற்றினால் 210 என்பது 222 ஆகும். ஆனால் டேப் தானாக மாறாது. கரண்டை நிறுத்தித்தான் திருப்ப வேண்டும். நள்ளிரவில் ஸ்டோர் ஓய்ந்து, மேல் கம்பியும் 33,000க்கு ஏறிவிட்டால் லயத்துக்கு 243 வோல்ட் போகும். எல்லைக்கு ஒரு வோல்ட்தான் மீதி.

எனக்குச் சரியாகப் படுவது, 33,000 வோல்ட் கம்பியையே ஸ்டோர் வாசல்வரை நீட்டி, டிரான்ஸ்போமரை அங்கே நடுவதுதான். இந்தப் பக்கத்து 100 அம்பியர் அந்தக் கம்பியில் வெறும் 1.2 அம்பியர். 200 மீட்டர் கூடுதலாக ஓடினாலும் இழப்பு பெயரளவுக்குத்தான். செலவு கூடும், உண்மைதான். எரிந்த மோட்டாருக்குச் சுருள் சுற்றும் செலவையும் அதோடு வைத்துப் பார்க்க வேண்டும்.