ஆகாய சேனாதிபதி அர்ஜன் சிங்

வடக்கேயிருந்து வந்து சென்னையில் இறங்கும் ஆகாய விமானங்கள் நமது ஊத்துக்கோட்டைக்கு மேலாகப் பறக்கும்போது, பெரியவர்கள் எவரும் இப்பொழுது தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மட்டும் இன்னும் அண்ணாந்து பார்க்கிறார்கள். நம்மிடம் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் மாணவன் ஒருவனும் அப்படிப் பார்ப்பவன்தான். ஆனால் பார்ப்பதோடு அவன் நிறுத்திக்கொள்ளவில்லை. விமானப் படையில் சேர்ந்தே தீருவேன் என்று வீட்டில் பிடிவாதம் செய்தான். அவன் தகப்பனார் தேர்வாய்க்கண்டிகைத் தொழிற்சாலை ஒன்றுக்குத் தினமும் கம்பெனிப் பஸ்ஸில் போய் வருகிறவர். பிள்ளையின் விருப்பத்துக்கு அவர் குறுக்கே நிற்கவில்லை. தாயார்தான் சம்மதிக்கவில்லை.

ஒரு நாள் அந்த அம்மாள் நம்மைத் தேடி வந்தார். "சார், பெரிய பெரிய பட்டாளத்து அதிகாரிங்க மேலே உட்கார்ந்து உத்தரவு போடுவாங்க. கீழே இருக்கிற பிள்ளைங்க நினைப்பு அவங்களுக்கு இருக்குமா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. பெற்ற மகனைத் தேசத்துக்குக் கொடுக்கும் தாய்க்கு இதைக் கேட்க உரிமை உண்டு. "தேசபக்தி" என்ற ஒரு வார்த்தையைச் சொல்லி அவர் வாயை அடைப்பது நமக்குச் சரியாகப் படவில்லை. ஆகவே, விமானப் படையில் உச்சிப் படியில் ஏறி நின்ற ஒருவருடைய சரித்திரத்தை அவருக்குச் சொன்னோம். நேயர்களுக்கும் அதையே இங்கே சொல்ல விரும்புகிறோம்.

அவர் பெயர் அர்ஜன் சிங். 1919-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 15-ந் தேதி பஞ்சாபிலுள்ள லியால்பூரில் பிறந்தார். தகப்பனார், பாட்டனார் யாவரும் குதிரைப் படையில் சேவை செய்தவர்கள். அவரோ குதிரையை விட்டு விமானத்தில் ஏறினார். இந்திய விமானப் படை 1932-ல் தோன்றி, நான்கே நான்கு வாபிட்டி விமானங்களுடன் பறக்கத் தொடங்கிச் சில வருஷங்களே ஆகியிருந்த காலம் அது. 1938-ல், பத்தொன்பதாம் வயதில், இங்கிலாந்தின் கிரான்வெல் விமானப் படைக் கல்லூரிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மறு வருஷம் டிசம்பரில் அதிகாரியாக வெளி வந்தார். அதற்குள் உலக யுத்தம் மூண்டுவிட்டது.

முதலில் அவர் பறந்தது வடமேற்கு எல்லைப்புற மலைகளின் மேல். ஒரு நாள், கீழேயிருந்து மலைஜாதியார் சுட்ட துப்பாக்கிக் குண்டு விமானத்தில் பாய்ந்தது. நீர் வற்றிக் கிடந்த ஓர் ஓடையில் விமானத்தை எப்படியோ இறக்கினார். முகத்தில் அடிபட்டு மூக்கிலிருந்து இரத்தம் கொட்டியது. விமானத்தில் துப்பாக்கி பிடிப்பவராக வந்த குலாம் அலி என்ற வீரர் கீழே குதித்து ஓடத் தொடங்கினார். கலவரத்தில் திசை தெரியாமல், சுடுகிறவர்கள் இருந்த பக்கமே ஓடினார். அர்ஜன் சிங் என்ன செய்தார்? இரத்தம் வழியும் முகத்தோடு அவர் பின்னால் ஓடி, தடுத்து, சரியான பக்கம் திருப்பி அழைத்து வந்தார். தம் உயிர் பிழைத்தால் போதும் என்று எண்ணியிருந்தால் எதிர்ப் பக்கம் ஓடியிருக்கலாம்.

1944-ல் ஜப்பானியர் இம்பாலைச் சூழ்ந்த சமயம், நமது முதலாவது ஸ்குவாட்ரனுக்கு அவர் தலைவர். ஹரிக்கேன் விமானங்களில் பறந்து பகைவரின் நடமாட்டத்தைக் கண்டறிவதும், அவர்களைத் தாக்குவதும் அவர்களுடைய வேலை. அவ்வருஷம் ஜூன் மாதம் மௌன்ட்பேட்டன் பிரபு போர்முனைக்கே வந்து, டிஸ்டிங்விஷ்ட் ஃபிளையிங் கிராஸ் என்னும் வீரப் பதக்கத்தை அவருக்கு அணிவித்தார்.

பதக்கம் பெற்ற மறு வருஷமே அவர் விசாரணைக்கும் நிற்க வேண்டி வந்தது. கேரளத்தில் ஜனங்கள் குடியிருக்கும் இடத்தின் மேல் மிகவும் தாழ்வாகப் பறந்தார் என்பது குற்றச்சாட்டு. பயிற்சி பெறும் இளைஞன் ஒருவனுக்குத் தைரியம் உண்டாக்கவே அப்படிப் பறந்ததாக அவர் சமாதானம் கூறினார். பிற்காலத்தில் விமானப் படைத் தலைவரான தில்பாக் சிங்தான் அந்த இளைஞர் என்று சொல்லுகிறார்கள். விதியை மீறியது பிழைதான். உபாத்தியாயராகிய நாம் அதை மெச்ச முடியாது. ஆயினும் மனம் தளர்ந்த மாணவனைத் தட்டி எழுப்ப நாமும் சில வேளை பாடப் புத்தகத்தை மூடி வைப்பது உண்டு அல்லவா?

1947 ஆகஸ்டு 15-ல் டில்லிச் செங்கோட்டைக்கு மேல் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் அணிவகுத்துப் பறந்தன. அவற்றுக்கு முன்னின்று பறந்தவர் அர்ஜன் சிங். அவர் பிறந்த லியால்பூர் அப்பொழுது பாகிஸ்தானைச் சேர்ந்ததாகிவிட்டது. ஃபைஸலாபாத் என்று இன்று வழங்குவது அந்த ஊரேதான். சுதந்திரத்தின் கொண்டாட்டமும் பிரிவினையின் துயரமும் ஒரே மனிதருக்குள் அமைந்ததை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

1964 ஆகஸ்டு முதல் தேதி, நாற்பத்தைந்தாம் வயதில், விமானப் படைத் தலைவர் பதவி அவருக்கு வந்தது. ஒரு வருஷம் கழிந்ததும் சோதனையும் வந்தது. 1965 செப்டம்பர் முதல் தேதி காஷ்மீரத்தின் சம்ப் பகுதியில் பாகிஸ்தானின் டாங்கிப் படை புகுந்து அக்னூரை நோக்கி விரைந்தது. அக்னூர் பாலம் போனால் நம் சேனைக்கு வழி அடைபட்டுவிடும். பாதுகாப்பு மந்திரி யஷ்வந்த்ராவ் சவாண், எவ்வளவு நேரத்தில் விமானங்கள் உதவிக்குப் போக முடியும் என்று கேட்டார். ஒரு மணி நேரத்தில் என்றார் அர்ஜன் சிங். சொன்னபடியே பதான்கோட்டிலிருந்து வாம்பயர்களும் மிஸ்டேர்களும் கிளம்பிவிட்டன.

அந்தச் சொல்லின் விலையையும் மறைக்கக் கூடாது. வாம்பயர் மிகப் பழைய விமானம். அன்று மாலையே நான்கு வாம்பயர்கள் வீழ்ந்தன. இளம் வீரர்கள் மாண்டனர். அதன் பின் அவற்றை முன்னணியிலிருந்து விலக்கினார்கள். செப்டம்பர் 3-ந் தேதி, பெங்களூரில் உற்பத்தியான சின்னஞ்சிறு நாட் விமானங்கள் களத்தில் இறங்கின. ஸேபர் விமானத்தை வீழ்த்திய பெருமை ட்ரெவர் கீலருக்குக் கிடைத்தது. ஆனால் 6-ந் தேதி பதான்கோட்டில் பகைவர் நடத்திய தாக்குதலில் நம் விமானங்கள் பல தரையிலேயே அழிந்தன. எதிரே நின்ற பாகிஸ்தான் விமானப் படையின் தலைவர் நூர் கானும் 1947-க்கு முன் அதே இந்திய விமானப் படையில் இருந்தவர். அப்படிப்பட்ட யுத்தம் அது. செப்டம்பர் 23-ல் போர் ஓய்ந்தது. அவ்வருஷம் அர்ஜன் சிங்குக்குப் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. 1966-ல் ஏர் சீப் மார்ஷல் என்ற பதவிக்கு உயர்ந்த முதல் இந்தியர் அவரே.

தலைமைப் பதவியில் இருந்த ஐந்து வருஷமும் அவர் விமானம் ஓட்டுவதை நிறுத்தவில்லை. 1969-ல் ஓய்வு பெறுவதற்குள் அறுபதுக்கும் மேற்பட்ட ரகங்களை ஓட்டிப் பார்த்துவிட்டார். இளைஞர்களை எந்த விமானத்தில் ஏறச் சொல்லுகிறோமோ, அதன் குணம் தமக்கும் தெரிய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. பிறகு ஸ்விட்ஸர்லாந்தில் தூதராகவும், கென்யாவில் ஹைகமிஷனராகவும், 1989-90-ல் டில்லியின் லெப்டினன்ட் கவர்னராகவும் இருந்தார். 2002 ஜனவரியில் விமானப் படை மார்ஷல் என்ற ஐந்து நட்சத்திரப் பதவி அவருக்கு அளிக்கப்பட்டது. நமது விமானப் படையில் இதுவரை அதைப் பெற்றவர் அவர் ஒருவரே.

பதவிகளின் பட்டியலால் அந்தத் தாயாருக்கு விடை கிடைக்குமா? கிடைக்காது. ஆகவே இன்னும் இரண்டு செய்திகளைச் சொன்னோம். டில்லிக்கு அருகே தமக்கிருந்த பண்ணையை விற்று, ஓய்வு பெற்ற விமானப் படையினரின் நலனுக்காக இரண்டு கோடி ரூபாயை அவர் தர்மமாக ஒதுக்கி வைத்தார். இது ஒன்று.

மற்றது நம் தமிழ்நாட்டையும் சேர்ந்தது. ராமேசுவரத்து அப்துல் கலாம் இளமையில் விமானியாக ஆசைப்பட்டு டேராடூனில் தேர்வுக்குச் சென்றார். எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்து, ஏமாற்றத்துடன் திரும்பினார். அவர் 2015 ஜூலை 27-ல் காலமானார். மறுநாள் அவர் பூதவுடல் டில்லி பாலம் விமான தளத்துக்கு வந்தபோது, தொண்ணூற்றாறு வயதுக் கிழவர் ஒருவரைச் சக்கர நாற்காலியில் வைத்து அழைத்து வந்தார்கள். அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். நடுங்கும் கால்களை ஊன்றி நின்று சலாம் வைத்தார். விமானப் படையில் இடம் கிடைக்காதவருக்கு விமானப் படையின் மார்ஷல் செய்த மரியாதை அது. 2017 செப்டம்பர் 16-ல், தொண்ணூற்றெட்டாம் வயதில், அவரும் மறைந்தார்.

எல்லா அதிகாரிகளும் இவரைப் போலவே இருப்பார்கள் என்று நாம் அந்த அம்மாளுக்கு வாக்குக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. உயர்ந்த ஸ்தானத்தில் இருந்தும் கீழே நிற்பவனை மறக்காமல் இருக்கலாம் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு என்று மட்டுமே சொன்னோம்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். யுத்தத்தைப் பற்றியோ பட்டங்களைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. "அந்தக் குலாம் அலி உயிரோட வீடு திரும்பினாரா, சார்?" என்றார்.

"திரும்பினார், அம்மா" என்றோம்.

மறு வாரம் மாணவன் விண்ணப்பத்தாளைக் கொண்டு வந்து நம்மிடம் காட்டினான். பெற்றோர் கையொப்பத்துக்குரிய இடத்தில், தகப்பனார் பெயருக்குக் கீழே, தாயாரின் கையெழுத்தும் இருந்தது.