துளை போட்டும் சாகாத சாட்சி!

மன்னர்களின் முகங்களை மாளிகைச் சுவர்கள் சுமக்கின்றன. மகுடம் மண்ணோடு போனாலும் மீசையின் முறுக்கு போகவில்லை! உழைப்பவன் முகத்தை எந்தச் சுவர் சுமந்தது? எந்தச் சிற்பி செதுக்கினான்?

சுமந்தது ஒரு கண்ணாடித் தகடு, தோழர்களே! நெகடிவ் என்கிறோமே, அதுதான். கருப்பை வெள்ளையாக்கும், வெள்ளையைக் கருப்பாக்கும். ஆனால், இருந்ததை இல்லை என்று சொல்லாது!

1908-ஆம் ஆண்டு. நியூயார்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்த லூயிஸ் ஹைன், தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காகக் காமிராவோடு கிளம்பினார். பஞ்சாலை, சுரங்கம், கண்ணாடித் தொழிற்சாலை எங்கும் பிஞ்சுக் கைகள்! வாயில் அடைத்தபோது வேடம் மாற்றி நுழைந்தார். தம் சட்டைப் பொத்தான்களையே அளவுகோலாக்கிச் சிறுவர் உயரத்தை அளந்தார். பெயரையும் வயதையும் பைக்குள் மறைத்த தாளில் குறித்தார். 1938-இல் நியாயத் தொழிலாளர் தரச் சட்டம் பிறந்து, சிறுவர் உழைப்புக்குக் கடிவாளம் போட்டது. படம் மட்டும் செய்த வேலையல்ல. ஆனால், படமும் செய்த வேலை!

சட்டம் கண்ட ஹைன் 1940-இல் வறுமையில் மாண்டார். படங்கள் மாண்டனவா? இல்லை! 1954-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் சேர்ந்தன. 5,100-க்கு மேற்பட்ட படங்களும் 355 கண்ணாடி நெகடிவ்களும் அங்கே உள்ளன.

இன்னொரு கதை கேளீர்! 1935-இல் அமெரிக்க அரசு அமைத்த படப்பிரிவின் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர். வறுமையில் வாடிய உழவரைப் படமெடுக்க ஆட்களை அனுப்பியவர். வந்த நெகடிவ்களில் தமக்கு வேண்டாதவற்றை என்ன செய்தார்? துளை போட்டார்! அச்சிட்டால், உழவன் முகத்தின் நடுவே கருவட்டம். படமெடுத்தவர்கள் கொதித்தார்கள்.

ஸ்ட்ரைக்கர் கெட்டவரா? அல்லர். ஏழையின் துயரை நாடறியச் செய்தவர். ஆனால், எதை வைப்பது, எதை அழிப்பது என்ற அதிகாரம் ஒரே கையில் குவிந்தால், நல்லவர் கையும் துளை போடும்! இதுவே பாடம்.

காப்பகம் என்ன செய்தது? துளை விழுந்ததையும் குப்பையில் கொட்டவில்லை. 1,70,000-க்கு மேற்பட்ட நெகடிவ்களோடு அவற்றையும் காத்தது. இன்று சாட்சி சொல்வது முகம் மட்டுமல்ல, துளையும்தான்!

தோழர்களே! உங்கள் சங்க அலுவலகப் பரணில் பழைய பிலிம் சுருள் கிடக்கலாம். வெயிலும் ஈரமும் அதற்கு எமன். வினிகர் நெடி வீசினால், பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே படி எடுங்கள். குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வையுங்கள். யார், எங்கே, எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். ஹைன் குறித்த பெயரும் வயதும் இல்லையேல், அந்தச் சிறுவர்கள் வெறும் முகங்களே!

அரசனுக்குக் கல்வெட்டு உண்டு. உழைப்பவனுக்கு நெகடிவ் உண்டு. கல்லைக் காக்கக் காவலர் இருக்கிறார்கள். நெகடிவைக் காக்க? நாம்தான்!