எட்டுப் பதக்கம், ஏழு கிராமம்

ஒலிம்பிக்கில் இந்தியா அதிகப் பதக்கம் வாங்கிய விளையாட்டு எது என்று கேட்டால், கோவில்பட்டியில் மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளில் போகும் பையன்கூட யோசிக்காமல் சொல்லிவிடுவான்: ஹாக்கி. மொத்தம் 13. சரி, இரண்டாவது எது? இங்கேதான் பலரும் தடுமாறுவார்கள். துப்பாக்கி சுடுதல் என்பார்கள், பேட்மிண்டன் என்பார்கள். இரண்டும் இல்லை. மல்யுத்தம். இதுவரை எட்டுப் பதக்கங்கள், எட்டும் ஃப்ரீஸ்டைல் பிரிவில் வந்தவை.

தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். விளையாட்டு நாடு முழுக்கப் பரவி வளர்வதில்லை, ஏதாவது ஓர் ஊரைப் பிடித்துக்கொண்டுதான் வளர்கிறது. தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பேர்போன கோவில்பட்டிதான் 2022 ஆசியக் கோப்பை ஹாக்கிக்கு மாரீஸ்வரன் சக்திவேலை அனுப்பியது. மணத்தி என்ற கிராமத்தில் கபடி ஆடி வளர்ந்த கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் ஆடினார், பிறகு அர்ஜுனா விருதும் பெற்றார். பக்கத்து ஊர்களில் எல்லாம் இப்படி நடந்துவிடவில்லை.

மல்யுத்தமும் அப்படித்தான். அந்த எட்டுப் பதக்கங்களை வென்றவர்கள் ஏழு பேர், ஏழு கிராமத்துக்காரர்கள். மகாராஷ்டிரத்தில் கோலேஷ்வர், டெல்லி ஓரத்தில் பப்ரோலா. மற்ற ஐந்தும் ஹரியானாவில், ஒன்றையொன்று ஒட்டிய சோனிபட், ரோத்தக், ஜஜ்ஜர் மாவட்டங்களில் இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பெயர் ஒன்றுகூட இல்லை. நமக்கும் மல்லர் மரபு உண்டு, ஆமூர் மல்லனை வீழ்த்திய சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளியைப் புறநானூறு பாடியிருக்கிறது, பல்லவ ராஜா ஒருவர் மாமல்லன் என்றே பட்டம் வைத்துக்கொண்டார் என்றெல்லாம் மேடையில் பேசலாம். கைதட்டல் கிடைக்கும், பதக்கம் கிடைக்காது.

ஃப்ரீஸ்டைல் என்றால் என்ன? கபடி பார்த்தவர்களுக்குப் பாதி விளங்கியது மாதிரிதான். பாடி வருபவரின் கணுக்காலைப் பாய்ந்து பிடிப்பது, தொடையைக் கட்டிக்கொண்டு சாய்ப்பது எல்லாம் இதிலும் உண்டு. கிரேக்க–ரோமன் மல்யுத்தத்தில் இடுப்புக்குக் கீழே கைவைக்கக் கூடாது. ஃப்ரீஸ்டைலில் கால்தான் முதல் குறி. எதிரியைக் கீழே தள்ளி அடக்கினால் இரண்டு புள்ளி. முதுகு தரையைப் பார்க்கும்படி புரட்டினால் இன்னும் இரண்டு. காற்றில் தூக்கிப் போட்டால் நான்கு, சில சமயம் ஐந்து. பத்துப் புள்ளி முன்னிலை வந்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. இரண்டு தோளையும் விரிப்போடு சேர்த்து அழுத்திவிட்டால் புள்ளிக்கணக்கே வேண்டாம். மூன்று நிமிடம், முப்பது விநாடி ஓய்வு, மறுபடி மூன்று நிமிடம். அதற்குள் எல்லாம் நடந்தாக வேண்டும்.

இந்தியப் பயில்வான்களின் பெயர் ஒலிம்பிக்குக்கு முன்பே உலகத்துக்குத் தெரியும். 1910 செப்டம்பரில் லண்டனில் காமா பயில்வானும் போலந்தின் ஸ்தானிஸ்லாவ் ஸ்பிஷ்கோவும் மோதினார்கள். காமா ஆரம்பத்திலேயே தள்ளிவிட்டார். ஸ்பிஷ்கோ எழுந்திருக்கவில்லை. குப்புறப் படுத்து விரிப்பைக் கட்டிக்கொண்டவர், இரண்டரை மணி நேரத்துக்குமேல் அப்படியே கிடந்து ஆட்டத்தை டிராவாக்கினார். அடுத்த வாரம் மறுபடி மோத வேண்டிய நாளில் ஆள் வரவேயில்லை, வெற்றி காமாவுக்கே. 1928இல் பாட்டியாலாவில் மீண்டும் சந்தித்தபோது ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஸ்பிஷ்கோ மல்லாந்து கிடந்தார். ஆனால் காமாவின் உலகம் வேறு. ராஜாக்கள் சோறு போட்டு வளர்த்த, பந்தயப் பணத்துக்கு ஆடிய உலகம் அது.

ஒலிம்பிக்கில் முதல் பெயர் கஷாபா தாதாசாகேப் ஜாதவ். சதாரா மாவட்டம் கராட் பக்கத்தில் கோலேஷ்வர் கிராமத்தில் 1926இல் பிறந்தவர், குள்ளமான ஆள். 1948 லண்டன் ஒலிம்பிக்குக்கு கோலாப்பூர் மகாராஜா செலவு செய்து அனுப்பினார். மண்ணில் மட்டுமே பழகிய கால்களுக்கு விரிப்பு பிடிபடவில்லை. அங்கே ரீஸ் கார்ட்னர் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்ததை வைத்தே ஃப்ளைவெயிட் பிரிவில் ஆறாவதாக வந்தார்.

1952 ஹெல்சிங்கிக்குப் போகக் காசில்லை. கிராமத்தில் வசூல் செய்தார்கள். போதவில்லை. அவர் படித்த கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியின் முதல்வர் கர்தேகர் தன் வீட்டை அடமானம் வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். அந்தக் காலத்து ஏழாயிரம்! பின்லாந்தில் ஜாதவ் கனடா, மெக்சிகோ, ஜெர்மனி வீரர்களைத் தோற்கடித்தார். அடுத்து ஜப்பானின் ஷோஹாச்சி இஷீயுடன் நெடுநேரம் இழுபறியாக ஆடி, நூலிழையில் தோற்றார். அந்த ஆட்டத்தின் வியர்வை காய்வதற்குள் சோவியத் வீரர் ரஷீத் மமத்பெயோவுடன் மோத வரச்சொல்லிவிட்டார்கள். இரண்டு ஆட்டத்துக்கு நடுவே அரை மணி நேர ஓய்வு விதிப்படி உண்டு. ஆனால் அதைக் கேட்டு வாங்க இந்திய அதிகாரி ஒருவர்கூட அரங்கில் இல்லை. களைத்த உடம்போடு இறங்கித் தோற்றார். இஷீக்குத் தங்கம், மமத்பெயோவுக்கு வெள்ளி, ஜாதவுக்கு வெண்கலம். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அது. அதிகாரிகள் எங்கே போயிருந்தார்கள் என்ற கேள்வியும் அன்றே தொடங்கிவிட்டது.

ஊர் திரும்பியவரை 151 மாட்டுவண்டிகள் கட்டி ஊர்வலமாக அழைத்துப் போனார்கள். அவர் செய்த முதல் வேலை, கோலாப்பூரில் குஸ்திப் போட்டிகள் நடத்தி, வசூலான பணத்தில் கல்லூரி முதல்வரின் வீட்டை மீட்டது. 1955இல் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டரானார். 1984இல் சாலை விபத்தில் இறந்தார். அர்ஜுனா விருது வந்தபோது அவர் செத்து பதினைந்து வருடத்துக்குமேல் ஆகியிருந்தது.

அடுத்த மல்யுத்தப் பதக்கத்துக்கு இந்தியா 56 வருடம் காத்திருக்க வேண்டிவந்தது. நடுவில் ஒன்றுமே இல்லையா என்றால், இருந்தது. 1961இல் யோகோஹாமா உலகப் போட்டியில் உதய் சந்த் வெண்கலம் வென்றார். 1967இல் டெல்லியில் நடந்த உலகப் போட்டியில் பிஷம்பர் சிங்குக்கு வெள்ளி. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சுதேஷ் குமார், பிரேம்நாத் இருவருமே நான்காவது இடம். ஆசியப் போட்டிகளில் சந்த்கி ராம், கர்த்தார் சிங், சத்பால் என்று தங்கம் வென்றவர்களும் உண்டு. ஆனால் 1986 சியோலில் கர்த்தார் சிங் வாங்கிய தங்கத்துக்குப் பிறகு, ஆசியத் தங்கத்துக்கே 28 வருடம் ஆனது.

காரணத்தைக் கோவில்பட்டிக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். 1976 மாண்ட்ரியலில் ஹாக்கி புல்தரையிலிருந்து செயற்கைத் தரைக்கு மாறியதும் இந்தியா ஏழாவது இடத்துக்குப் போனது நினைவிருக்கும். மல்யுத்தத்திலும் தரைதான் சிக்கல். நம் ஊர் கோதாவில் மண்ணைச் சலித்து, கடுகெண்ணெயும் மஞ்சளும் மோரும் விட்டுப் பதப்படுத்துவார்கள். அதில் கால் புதையும், பிடி மெதுவாக இறுகும், நேரக் கணக்கும் கிடையாது. முதுகு மண்ணில் பட்டால்தான் தோல்வி. ரப்பர் விரிப்பில் எல்லாமே தலைகீழ். கண் இமைப்பதற்குள் எதிரியின் கால் கைக்கு வந்தாக வேண்டும். மண்ணில் ஊறிய பயில்வான் மூச்சு வாங்கி நிதானிப்பதற்குள் ஆறு புள்ளி போயிருக்கும். அதே நேரம் மண்ணை விடவும் முடியாது. திருவிழாக் குஸ்தியில் ரொக்கப் பரிசு கிடைத்தது, வீட்டில் அடுப்பெரிய அதுதான் வழி.

டெல்லி பிர்லா மில் பக்கத்தில் குரு ஹனுமான் நடத்திய அகாடாதான் (குஸ்திப் பயிற்சிக்கூடம்) பல பத்தாண்டுகளாக வீரர்களை உருவாக்கியது. அவருடைய சீடர் சத்பால், 1988இல் டெல்லி அரசின் சத்ரசால் ஸ்டேடியத்தில் பயிற்சி தொடங்கினார். அங்கே சின்னப் பையன்கள் விரிப்பிலேயே வளர்ந்தார்கள். அதிகாலையில் எழுந்து ஓட்டம், கயிறு ஏறுதல், பயிற்சி, தூக்கம், மறுபடி பயிற்சி. ஒரே அறையில் பல பேர் படுக்கை. இந்தியாவின் ஏழு பதக்க வீரர்களில் சுஷீல் குமார், யோகேஷ்வர் தத், பஜ்ரங் புனியா, ரவி தஹியா, அமன் செஹ்ராவத் ஆகிய ஐந்து பேர் இந்த ஒரே கூரையின் கீழ் பழகியவர்கள். இப்படி ஒரு விளையாட்டரங்கம் இந்தியாவில் வேறு எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

2008 பெய்ஜிங்கில் சுஷீல் முதல் ஆட்டத்திலேயே உக்ரைனின் ஆந்திரி ஸ்தாத்னிக்கிடம் தோற்றார். ஊரில் டிவியை அணைத்திருப்பார்கள். ஆனால் மல்யுத்தத்தில் ஒரு சலுகை உண்டு. நம்மைத் தோற்கடித்தவர் இறுதிக்குப் போய்விட்டால், வெண்கலத்துக்கு மோத நமக்கு மறுவாய்ப்பு கிடைக்கும். ஸ்தாத்னிக் இறுதிக்குப் போனார். சுஷீல் அடுத்தடுத்து அமெரிக்கா, பெலாரூஸ், கஜகஸ்தான் வீரர்கள் மூவரைச் சாய்த்தார். 2010இல் மாஸ்கோவில் ரஷ்ய வீரரையே வீழ்த்தி உலக சாம்பியன் ஆனார். 2012 லண்டனில் வெள்ளி. அதே லண்டனில் யோகேஷ்வர், வலது கண் வீங்கி மூடிக்கொண்ட நிலையில், வட கொரிய வீரரின் இரண்டு கணுக்காலையும் பின்னிப் பிடித்து, விரிப்பில் மறுபடி மறுபடி உருட்டி வெண்கலம் வாங்கினார். (சுஷீலின் கதை பிறகு வேறு பக்கம் போனது. 2021 மே மாதம் கொலை வழக்கொன்றில் அவர் கைதானார். குற்றச்சாட்டை மறுக்கிறார்.)

பெண்கள் கதையைத் தமிழ்நாடு சினிமாவில்தான் முதலில் பார்த்தது. அமீர் கான் நடித்த ‘தங்கல்’ தமிழிலும் டப் ஆகி ஓடியது. 2022இல் ‘கட்டா குஸ்தி’ வந்தது. நிஜத்தில் சந்த்கி ராம் தன் மகள்களைக் கோதாவில் இறக்கியபோது ஏச்சுப்பேச்சு குறைவில்லை. பலாலி கிராமத்து மகாவீர் போகாட்டின் மகள் கீதா 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற பிறகுதான் ஹரியானாவில் பேச்சு மாறியது. 2016 ரியோவில் சாக்‌ஷி மலிக் 0–5 என்று பின்தங்கியிருந்தார், கடைசி விநாடிகளில் காலைப் பிடித்துத் தள்ளி 8–5 என்று முடித்தார். ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் மல்யுத்த வீராங்கனை அவர்தான்.

டோக்கியோவில் ரவி, பஜ்ரங் என்று இரண்டு பதக்கம். அரையிறுதியில் 2–9 என்று பின்தங்கிய ரவி தஹியா, கஜகஸ்தான் வீரரின் தோள்களைத் தரையோடு அழுத்திவிட்டார். விடுபட வழி தெரியாத அவர் ரவியின் கையைக் கடித்ததும் ரவி பிடியை விடாததும் எல்லோரும் பார்த்த காட்சி. நஹ்ரி கிராமத்திலிருந்து ரவியின் அப்பா பாலும் வெண்ணெயும் எடுத்துக்கொண்டு சத்ரசாலுக்கு வருடக்கணக்கில் அலைந்தவர், குத்தகை நிலத்து விவசாயி.

2023இல் சாக்‌ஷி, பஜ்ரங் முதலிய வீரர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் நடைபாதையில் படுத்துக் கிடந்தார்கள். மல்யுத்தக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது பாலியல் தொல்லைப் புகார். அவர் மறுத்தார், விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. கூட்டமைப்புத் தேர்தல் உரிய காலத்தில் நடக்காததால் உலக அமைப்பு அதை இடைநீக்கம் செய்தது. அந்த வருடம் நடந்த உலகப் போட்டியில் 53 கிலோ பிரிவில் வெண்கலம் வென்ற அந்திம் பங்கால் இந்தியக் கொடியின் கீழ் ஆட முடியவில்லை. டிசம்பரில் சாக்‌ஷி தன் ஷூக்களை மேசைமேல் வைத்துவிட்டு ஓய்வை அறிவித்தார்.

பாரிஸ் 2024இல் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 50 கிலோ பிரிவில் வினேஷ் போகாட், வெளிநாட்டு வீராங்கனை யாரிடமும் அதுவரை தோற்றிராத ஜப்பானின் யூய் சுசாகியைச் சாய்த்து இறுதிக்கு வந்தார். மறுநாள் காலை எடை 100 கிராம் கூடுதல். விதிப்படி இரண்டாம் நாளும் எடை பார்ப்பார்கள். முந்தைய நாளில் மூன்று ஆட்டம் ஆடியவர் தண்ணீரும் சோறும் எடுத்துத்தான் ஆக வேண்டும், அப்படி ஏறியதை ராத்திரிக்குள் கரைக்க வேண்டும். ஓடினார், நீராவி அறையில் உட்கார்ந்தார், முடியைக்கூட வெட்டினார்கள். அப்படியும் தகுதிநீக்கமாகி, வெள்ளியும் இல்லாமல் திரும்பினார். இரண்டு நாள் கழித்து, 21 வயது அமன் செஹ்ராவத் இரவோடிரவாக நான்கரைக் கிலோவுக்குமேல் குறைத்து, 57 கிலோவில் வெண்கலம் வென்றார். வீரரைச் சோறு போட்டு வளர்க்க நமக்குத் தெரிகிறது. எடைக்கணக்கு பார்க்க ஒரு நிபுணர் குழுவை வருடம் முழுக்கக் கூடவே வைத்திருக்க இன்னும் தெரியவில்லை.

அதற்குச் சாட்சி வெகுநாள் காத்திருக்கவில்லை. 2025 செப்டம்பரில் குரோஷியாவின் ஜாக்ரெபில் நடந்த உலகப் போட்டியில் அதே அமன் எடைத் தட்டில் ஏறினார். 1.7 கிலோ கூடுதல். ஓர் ஆட்டம்கூட ஆடாமல் வெளியேறினார். அங்கே இந்தியாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பதக்கம்: அந்திம் பங்காலின் வெண்கலம், இந்தத் தடவை இந்தியக் கொடியோடு.